பின்சுவர் அக்கா

எங்கள் குளியலறைச் சுவரை யாராவது மூன்று முறை தட்டினால் அது பின்சுவர் அக்காதான். தட்டிய கையோடு தரையோரத்துத் துவாரத்திலிருந்து குரல் வரும்.

"அம்மிணி, சாக்கு."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நான் ஈரத்தலையோடு திரும்பிப் போய், ஸ்டூல் மேல் ஏறி, வெளிப்பக்கச் சுவரின் உச்சியில் இருக்கும் சின்ன ஜன்னலில் அடைத்த சாக்கைப் பிடுங்கிக் கீழே போட வேண்டும். அதுவரை அவர் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். சாக்கு விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் வீட்டுக் குளியலறைக் கதவு சாத்தப்படும்.

எங்கள் வீடு குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலை ஆட்களுக்காகக் கட்டிய லைனில் இருந்தது. நான்கு கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு வீடுகள். இரண்டு சாலையைப் பார்க்கும், இரண்டு பள்ளத்தைப் பார்க்கும். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடுகளுக்குக் குளியலறைச் சுவர் ஒன்றுதான். எங்களுடையது சாலைப் பக்கம், அக்காவுடையது பள்ளத்துப் பக்கம். சரிவு அவர்கள் பக்கம் என்பதால் நாங்கள் குளித்த தண்ணீர் சுவரின் அடியில் இருந்த கையகலத் துவாரத்தில் நுழைந்து, அவர்கள் குளியலறையின் ஓரத்தில் ஓடும் வாய்க்காலில் விழுந்து, அங்கிருந்து வெளியே போகும். இப்படி ஒரு திட்டத்தைப் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தண்ணீர் போன வழியிலேயே பேச்சும் போனது. அக்காவின் வாசலுக்குப் போவதென்றால் லைனைச் சுற்றி, பாசி பிடித்த படிகளில் இறங்கி நடக்க வேண்டும். அதனால் எங்கள் ஒன்பது வருடப் பழக்கத்தில் பெரும்பகுதி அந்தத் துவாரத்தின் வழியாகவே நடந்தது. அம்மா அவரிடம் உறைமோர் கேட்டது, அவர் அம்மாவிடம் சினிமாக் கதை கேட்டது எல்லாம் அதன் வழியாகத்தான்.

சாக்கு அடைப்பது எங்கள் லைனின் வழக்கம். மழைக்காலம் தொடங்கி மூடுபனி இறங்கினால், எல்லா வீட்டிலும் முதல் வேலை குளியலறை ஜன்னலை அடைப்பது. தேயிலைச் சாக்கை நான்காக மடித்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றித் திணித்தால் காற்று ஒரு நூல்கூட உள்ளே வராது. வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது ஆவி அறை முழுக்க நின்று, முகம் தெரியாத அளவுக்குச் சூடாக இருக்கும். அந்தச் சுகம் சமவெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. பங்குனி வரை அந்தச் சாக்கை யாரும் எடுக்கமாட்டார்கள். தை மாதத்தில் சுவரெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மாசியில் புள்ளிகள் சேர்ந்து வரைபடமாகிவிடும். "மலைன்னா பூசணம் இருக்கத்தான செய்யும்" என்று அம்மா சொல்வார். லைனில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அக்கா ஒருவர்தான் சொல்லமாட்டார். அவர் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் வறண்ட ஊரிலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவர். "எங்கூர்ல சுவத்துல பல்லி இருக்கும், பூரான் இருக்கும். சுவத்துக்கே சீக்கு வந்து நான் பார்த்ததில்லீங்க" என்பார். கொழுந்து பறித்துவிட்டு வரும் வழியில், கையில் ஒரு மூங்கில் குச்சியோடு லைனைச் சுற்றி நடப்பார். யார் வீட்டு ஜன்னலில் சாக்கு தெரிந்தாலும் வெளியிலிருந்து ஒரே குத்து. சாக்கு உள்ளே விழும். உள்ளே யாராவது குளித்துக்கொண்டிருந்தால் அலறல் வெளியே வரும்.

"ஏய், ஆரது? குளிர்ல சாகோணுமா நான்?"

"குளிச்சு முடிச்சாச்சுன்னா தொறந்து வெய்யி. முடிக்கலைன்னா சீக்கிரம் முடி."

லைனில் அவருக்கு வேறு பட்டப்பெயர்களும் இருந்தன. நான் சொல்லப்போவதில்லை.

ஈரத்தை மூடிவைப்பதை அவரால் பொறுக்க முடியாது. நனைந்த குடையை யாராவது மடித்து மூலையில் சாத்தினால் எடுத்து விரித்துவைப்பார். டிபன் டப்பாவைக் கழுவி உடனே மூடினால் திறந்து கவிழ்ப்பார். குளித்து முடித்ததும் தன் வீட்டுக் குளியலறைச் சுவரைப் பழைய வேட்டித் துணியால் மேலிருந்து கீழாகத் துடைப்பார். அந்தத் துடைக்கும் சத்தம் எங்கள் பக்கம் தெளிவாகக் கேட்கும். சரக், சரக் என்று பதினைந்து இழுப்பு. பிறகு துணியைப் பிழியும் சத்தம்.

இதற்கெல்லாம் காரணம் அவர் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். அந்த அறையில் தேயிலையின் பஞ்சு பழுப்புப் பனிபோல மிதந்துகொண்டே இருக்கும். அது அவர் நெஞ்சில் இறங்கி இழுப்பாகிவிட்டது. அவரை அங்கிருந்து எடுத்து கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். பஞ்சு போனது, இழுப்பு நின்றது. ஆனால் பூசணம் பிடித்த அறைக்குள் ஒருமுறை போய் வந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அடிக்கடி லீவு போட்டால் வேலைக்கு ஆகாதவர் என்று எழுதிவிடுவார்கள். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். கீழே ஊரில் அவர்களுக்குக் காடோ தோட்டமோ இல்லை. இதை அக்கா ஒருநாளும் புலம்பலாகச் சொன்னதில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொல்வார்.

மாமாவின் மூச்சை அளக்க அக்காவிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரு மூச்சில் அவர் எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று எண்ணுவார்.

"இன்னைக்கு மத்தியானம் கேட்டுப் பக்கம்" என்று மாமா ஆரம்பித்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, "ஒரு காட்டெருமை வந்து நின்னுச்சு" என்பார்.

"நாலு" என்பார் அக்கா. காட்டெருமையைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார்.

"ஆளு பேசறதக் கேக்கறதில்லை... எண்ணிப் பாக்கறா... பொட்டலம் போடறவளாட்ட."

"மூணு, ரெண்டு, ரெண்டு. நாளைக்கு லீவு சொல்லிருங்க."

ஐந்துக்குக் கீழே இறங்கினால் வேலைக்கு அனுப்பமாட்டார். ஏழு வந்தால் முழு டூட்டி பார்க்கலாம். மருத்துவர் காதில் குழாய் வைத்துச் சொன்னதும் அக்கா எண்ணிச் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வருடத்துக்கு ஒருமுறை மேட்டுப்பாளையம் பேருந்தில் ஊருக்குப் போகும்போது, பர்லியார் தாண்டி வெக்கை ஏற ஏற மாமாவின் மூச்சு தானாகத் திறந்துகொள்ளுமாம். "பர்லியார் தாண்டுனா பன்னெண்டு வார்த்தை பேசுவாரு. அதுல பத்து என்னைத் திட்டறதுக்கு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தது துவாரத்தின் வழியே எனக்குக் கேட்டிருக்கிறது.

பூசணத்தை எடுக்க அவருக்கென்று ஒரு முறை உண்டு. காய்ந்த பூசணத்தைச் சுரண்டவேமாட்டார், பறந்து மூக்கில் ஏறும் என்பார். முதலில் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் சுவரை நனைத்து ஊறவிடுவார். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, தேங்காய்நார்க் கற்றையால் அடிவரை தேய்ப்பார். பூச்சு பொரிந்த இடத்தைக் கரண்டியால் கெட்டிச் சுவர் தெரியும்வரை எடுத்துவிடுவார். கழுவித் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, ஓர் இரும்புச் சட்டியில் தணல் போட்டு இரண்டு நாள் காயவைப்பார். ஜன்னலை அடைத்துவிட்டுத் தணல் வைப்பவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "ஈரம் எந்திரிச்சு எங்க போகும்? சுத்திச் சுத்தி அதே சுவத்துல போயி உக்காரும்." கடைசியில்தான் சுண்ணாம்பு. கற்சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கரைத்து இரண்டு கை அடிப்பார். கொப்புள நோய்க்குத் தேயிலைச் செடிமேல் தோட்டத்தில் தெளிக்கும் தாமிர மருந்தும் இந்த வகைதான். "செடிக்கு ஆகறது சுவத்துக்கு ஆகாதா?" அதனால் அவர் வீட்டுக் குளியலறை முழு வெள்ளையாக இருக்காது. லேசாக நீலம் ஓடியிருக்கும்.

ஒருமுறை கம்பெனியின் பெரிய ஆட்கள் லைனைப் பார்க்க வருகிறார்கள் என்று இரண்டே நாளில் எல்லா வீட்டுக்கும் வெள்ளையடிக்க உத்தரவு வந்தது. ஆட்கள் கறுப்புப் புள்ளிகள்மேலேயே சுண்ணாம்பு மட்டையை இழுத்துக்கொண்டு போனார்கள். அக்கா தன் குளியலறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"ஏனுங்க மேஸ்திரி, புண்ணு மேல பவுடர் போட்டா புண்ணு ஆறுமுங்களா?"

"ஆறாதும்மா. ஆனா போட்டோவுல தெரியாது."

"எங்கூட்டுக்காரரு போட்டோவுலயா மூச்சு உடறாரு?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. சுரண்டிக் காயவைத்த பிறகு வாருங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். பெரிய ஆட்கள் வந்த அன்று எங்கள் லைனில் பதினைந்து வீடு பளீரென்று இருந்தது. அக்கா வீட்டுக் குளியலறை மட்டும் மண் தெரிய நின்றது. ஒரு மாதத்தில் பதினைந்து வீட்டிலும் புள்ளிகள் வெள்ளையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தன.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா தொழிற்சாலையில் உலர்த்தும் எந்திரத்துக்கு விறகு தள்ளுபவர், அம்மா கொழுந்து பறிப்பவர். இருவரும் கைநாட்டு. நான் பத்தாம் வகுப்பில் அறிவியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அப்போது அந்தப் பெருமையோடு வேறொன்றும் இருந்தது. குன்னூரிலிருந்து பள்ளித் தோழி ஒருத்தி வீட்டுக்கு வருவதாகச் சொன்னபோது, குளியலறையை ஒட்டிய கூடத்துச் சுவரில் பூசணம் படர்ந்திருந்த இடத்தில் ஒரு பெரிய காலண்டரை மாட்டினேன். தோழி காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா ஏதோ கேட்க, அதிசயமாகச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகவே வந்துவிட்டார். வந்தவர் நேராகப் போய்க் காலண்டரைத் தூக்கினார்.

"இதுக்குப் பின்னால காத்துப் போகாதே அம்மிணி. இன்னும் பரவும்."

தோழி பார்த்தாள். அன்று முழுக்க அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ப்ளஸ் டூ படிக்கும்போது எனக்கென்று இடம் வேண்டியிருந்தது. இரண்டு தம்பிகள், ஒரே கூடம். வீட்டில் தாழ்ப்பாள் உள்ள, சூடான அறை குளியலறைதான். வெந்நீர் அடுப்பின் வாய் சமையலறைப் பக்கமும் அண்டா குளியலறைப் பக்கமும் இருந்ததால், புகையில்லாத சூடு. சாயங்காலம் எல்லோரும் குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, சாக்கை நன்றாக அடைத்துக்கொண்டு படிப்பேன். தட்டு விழும்.

"அம்மிணி, சாக்கு."

"படிக்கிறேன்க்கா."

"தொறந்து வெச்சுப் படி."

"குளிருதுக்கா."

"எம்பட சுவத்துல பூசணம் இல்லை அம்மிணி. உம்பட சுவத்துல இருந்து வந்து எட்டிப் பாக்குது. நான் எத்தனை தொடைச்சாலும் நீ அந்தப் பக்கம் அவிச்சுட்டு இருந்தா என்ன பண்ணட்டும்?"

அன்று நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். அது பூசணம் இல்லை, பூஞ்சை, தாவரமும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத வித்துகள் காற்றில் இருக்கின்றன, சோடாவும் தேங்காய்நாரும் அவற்றை ஒன்றும் செய்யாது, அறிவியல் முறையில் கொல்ல வேண்டும் என்றெல்லாம் துவாரத்தின் வழியே குனிந்து சொன்னேன்.

அந்தப் பக்கம் துணியைப் பிழியும் சத்தம் கேட்டது.

"சாமி, எனக்குப் பேரு தெரியாது. அதுக்கு ஈரம் புடிக்கும், காத்து புடிக்காது. அது மட்டுந்தான் தெரியும். நீ சாக்கை எடு."

எடுத்தேன். அவர் போனதும் மறுபடி அடைத்தேன். ஆனால் அறிவியல் முறை என்று நான் சொன்ன சொல் எனக்குள் நின்றுவிட்டது. ஒரே நாளில் அந்தச் சுவரை வெளுத்துக் காட்ட வேண்டும், அக்கா வந்து பார்த்து வாயடைக்க வேண்டும்.

கார்த்திகையில் ஒருநாள் கனமழை என்று பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். தோட்டத்துக்கு விடுமுறை இல்லை. அம்மாவும் அக்காவும் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். குடிநீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைத் தொட்டிக்காரரிடம் முன்பே கொஞ்சம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். கக்கூஸ் கழுவ அம்மா வைத்திருந்த ஆசிட் பாட்டில் இருந்தது. ஒன்று கிருமியைக் கொல்லும், இன்னொன்று கறையை எடுக்கும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று நினைத்தேன். பவுடரைக் கரைத்துச் சுவர் முழுக்கப் பூசினேன். அதன்மேல் ஆசிட்டை வாரி இறைத்தேன்.

சுவர் நுரைத்தது. நெடி மூக்கில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தொண்டைக்குள் யாரோ கை விட்டதுபோல் இருந்தது. எப்படியோ கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு ஓடி, மழையில் நின்று இருமினேன். இருமல் நின்றதும் எனக்கு வந்த முதல் எண்ணம், மருந்து வேலை செய்கிறது என்பது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அப்போது இன்னொரு இருமல் கேட்டது. அது என்னுடையது இல்லை.

மாமா இரவு டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் சாக்கை அடைத்துத்தான் வைத்திருந்தேன். மேலே போக வழியில்லாமல் அந்த நெடி எப்போதும் எங்கள் தண்ணீர் போகும் வழியில் போயிருக்கிறது. துவாரத்தில் இறங்கி, அவர்கள் வாய்க்காலில் விழுந்து, அந்தச் சின்ன வீட்டை நிறைத்திருக்கிறது.

லைனைச் சுற்றி ஓடினேன். பாசிப் படியில் விழுந்தேன். ஒன்பது வருடத்தில் அந்த வாசல் அத்தனை தூரத்தில் இருப்பது அன்றுதான் தெரிந்தது. மாமா கதவைத் திறந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு நீலமாக இருந்தது. கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். கொழுந்து ஏற்ற வந்த டிராக்டரை நிறுத்தி அவரை ஏற்றினோம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவர் அவருக்கு ஊசி போட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்ன போட்டீங்க சுவத்துல?"

"பிளீச்சிங் பவுடர்."

"அது மட்டுமா?"

"ம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ஆசிட் என்று நாக்கு நுனிவரை வந்தபோதே பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் அந்தப் பக்கமும் கண்முன் வந்துவிட்டது. பிளீச்சிங் பவுடருடன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். பசுமஞ்சள் நிறம். மூச்சுத்திணற வைக்கும் நெடி. காற்றைவிடக் கனமானது. அதை நான் தேர்வில் சமன்பாட்டோடு எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அக்கா ஓடி வந்தார். கொழுந்து பறிக்கும்போது நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது, தலைத்துணியில் கொழுந்து ஒட்டியிருந்தது. நேராகக் கட்டிலுக்குப் போனார்.

"பேசுங்க."

மாமா வாயைத் திறந்தார். ஒரு வார்த்தையும் வரவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பாவாடையில் ஆசிட் தெறித்து விழுந்திருந்த ஓட்டைகளைப் பார்த்தார்.

"அம்மிணி, மேல வெள்ளையடிக்காதே. என்ன கலந்தே?"

"ஆசிட்டும்க்கா."

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன படிக்கறே?"

"ப்ளஸ் டூ."

"என்ன குரூப்?"

"சயின்ஸ்."

அவர் உடனே மாமாவைத் தோட்டத்து ஜீப்பில், ஆக்சிஜன் சிலிண்டரோடு குன்னூருக்கு அனுப்பினார்.

அம்மா அன்று என்னை அடிக்கவில்லை. "படிக்கிற புள்ளைன்னு அடுப்புப் பக்கமே உடாம வெச்சிருந்தேன். இப்பப் பாரு, பக்கத்தூட்டு மனுசனையே அடுப்புல வெச்சுட்டே" என்றார்.

மாமாவுக்கு மாதக் கடைசி வரைதான் லீவு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் மருத்துவர் 'ஃபிட்' என்று எழுத வேண்டும். இல்லையென்றால் கேட்டுக்கு வேறு ஆள், வீட்டுக்கு வேறு குடும்பம். நான்காம் நாள் மாற்றுத்துணி எடுக்க அக்கா வந்தபோது, சுற்றிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் பைக்குள் துணியை வைத்தபடியே கேட்டார்.

"சுவத்தைத் தொடைச்சியா?"

"இல்லீங்க்கா."

"தொடை. அவரு வர்றதுக்குள்ள காயட்டும்."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை.

நான் சாக்கை எடுத்து விறகு அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். சுவரை முதலில் வெறும் தண்ணீரால் பலமுறை கழுவினேன். பிறகு சோடா வெந்நீர், தேங்காய்நார், கரண்டி. கெட்டிச் சுவர் தெரியும்வரை எடுத்தேன். எங்கள் பக்கப் பூச்சுக்குள் மூன்று வருட வெள்ளையடிப்பு இருந்தது. ஒவ்வொரு வெள்ளைக்கு அடியிலும் ஒரு கறுப்பு இருந்தது. ஜன்னலைத் திறந்து தணல் வைத்தேன். மயில்துத்தம் கலந்து சுண்ணாம்பு அடித்தேன். அளவு தெரியாமல் போட்டதில் எங்கள் சுவர் அக்கா சுவரைவிட நீலமாகிவிட்டது. தினமும் கடைசி ஆள் குளித்ததும் பதினைந்து இழுப்புத் துடைத்தேன். திறந்த ஜன்னலுக்குக் கீழே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, விரல் விறைக்கப் படித்தேன்.

பதின்மூன்றாம் நாள் மாமாவைக் கூட்டிவந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. துடைக்கும் சத்தம் கேட்டது. பேச்சு கேட்கவில்லை. தட்டும் இல்லை. ஒருநாள், இரண்டு நாள், ஒரு வாரம். மாதக் கடைசிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மாமா எத்தனை வார்த்தையில் இருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. துவாரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். அவர் பேசவே இல்லையோ, பேசியது எனக்குக் கேட்கவில்லையோ.

பிறகுதான் உறைத்தது. எங்கள் சுவரில் ஈரமும் இல்லை, ஜன்னலில் சாக்கும் இல்லை. அக்கா எதற்காகத் தட்டுவார்?

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு, அப்பாவின் புதுச் சாக்கு ஒன்றை எடுத்து மடித்து, ஸ்டூல் மேல் ஏறி ஜன்னலில் திணித்தேன். நன்றாகத் தெரியும்படி ஒரு முனையை வெளியே நீட்டிவிட்டேன். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறக்கவில்லை.

அக்கா கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் நேரம். குச்சி வரும் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சி வரவில்லை. சுவரில் தட்டு விழுந்தது. அக்காவின் தட்டு இல்லை, விரல் கணுவால் மெதுவாக ஒரு தட்டு. பிறகு தரையோரத்திலிருந்து மாமாவின் குரல் ரகசியமாக வந்தது.

"அம்மிணி, உங்கக்கா வர்றதுக்கு முந்தி அந்தச் சாக்கை எடுத்துப் போடு."

நடுவில் எங்கும் நிற்கவில்லை. நான் விரலை மடக்கி எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து, ஈரப் படங்கை உதறும் சத்தத்தோடு, இன்னொரு குரல் கேட்டது.

"எட்டு."

பிறகு சுவர் மூன்று முறை தட்டப்பட்டது. நான் ஸ்டூலில் ஏறினேன்.